நாம் எப்போது கற்று முடிப்பது?

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு புரோட்டோன் கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பாவின் பழைய வீரா. மற்றொன்று அக்கா வாங்கிய எக்ஸ்70. கார் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருநாள் இரண்டையும் பார்த்துவிட்டு, “இது ஜப்பான்காரன்கிட்ட கத்துக்கிட்டது, அது சீனாக்காரன்கிட்ட கத்துக்கிறது. நாம எப்பதான் படிச்சு முடிக்கிறது?” என்றார். இயந்திரவியல் டிப்ளோமா படிக்கும் எனக்குச் சுருக்கென்றது.

1983இல் தொடங்கப்பட்ட புரோட்டோன், மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்துடன் 1985இல் முதல் சாகாவை வெளியிட்டது. அப்போது சீனாவின் ஜீலி நிறுவனம் பிறக்கவே இல்லை. 1986இல் குளிர்சாதனப் பெட்டிகளுக்கான உதிரிபாகங்களுடன் தொடங்கிய ஜீலி, 1990களின் பிற்பகுதியில்தான் கார் தயாரிப்பில் இறங்கியது. ஆனால், 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது அதே ஜீலிதான். பின்னால் வந்தவர் நமக்கே ஆசிரியரானது எப்படி?

பணபலம்தான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். அது பாதி உண்மை. வெளிநாட்டு நிறுவனத்தை நாமும்தான் வாங்கினோம். 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் புரோட்டோனின் கைக்கு வந்தது. அதன் துணையுடன் கேம்ப்ரோ இயந்திரம் உருவானது. ஜீலி 2010இல் சுவீடனின் வோல்வோவை வாங்கியது. பிறகு கோத்தன்பர்க் நகரில் ஆய்வு மையம் அமைத்து, இரு நிறுவனங்களின் கார்களுக்கும் பொதுவான அடித்தளத்தை உருவாக்கியது. கற்ற ஒன்றைப் பல மாடல்களில் பயன்படுத்தி, உலகச் சந்தையில் விற்றது. நாமோ கற்றதை உள்நாட்டுச் சந்தையைத் தாண்டிப் பெரிதாகக் கொண்டுபோகவில்லை. 2017இல் லோட்டஸின் 51 விழுக்காட்டுப் பங்கும் ஜீலியிடமே போனது.

சீன முதலீடு என்றாலே சிலர் அஞ்சுகிறார்கள். சிலர் வேலை கிடைத்தால் போதும் என்கிறார்கள். 2009 முதல் சீனாதான் நம் மிகப் பெரிய வாணிபப் பங்காளி. அஞ்சி ஒதுங்க வழியில்லை. அதற்காக, வேலை கிடைத்ததோடு திருப்தி அடைவதும் சரியல்ல என்பது என் கருத்து. 2018இல் சீனாவிலிருந்து முழுமையாக இறக்குமதியான எக்ஸ்70, 2020இல் தஞ்சோங் மாலிமில் பொருத்தப்பட்டது. அது நல்ல முன்னேற்றம். ஆனால், பாகங்களைப் பொருத்துவது வேறு, ஒரு காரை வடிவமைப்பது வேறு. அந்த இரண்டாவது வேலையில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்பதே முதலீட்டை எடைபோடும் சரியான வழி.

அடுத்த தவணையில் எனக்குத் தொழிற்பயிற்சி. அலவன்ஸ் அதிகம் தரும் இடத்தைத்தான் முதலில் தேடினேன். இப்போது கார் உதிரிபாகங்களை வடிவமைக்கும் பிரிவுள்ள நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறியியல் படிக்கும் தோழர்களே, நீங்களும் பயிற்சிக்குப் போகுமிடத்தில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “இங்கே நான் எதைக் கற்றுக்கொள்ளலாம்?” மாமாவின் கேள்விக்கு என் தலைமுறையாவது பதில் சொல்ல வேண்டும்.