பாலிசி யாரைக் காக்கும்?



திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். 2004 ஜனவரி 23 அன்று அங்கு ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மணமகன் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாழ்த்த வந்தோர் கருகி மாண்ட அந்நாளை இவ்வூரார் இன்றும் மறந்திலர்.

அண்மையில், மஹால் கட்டி வாடகைக்கு விடும் அன்பர் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத், பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டேன். இனி யாருக்கு எது நேர்ந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்றார். அவ்வெண்ணம் சரிதானா?

இத்தகைய பாலிசி, அதில் பெயர் குறிக்கப்பட்ட உரிமையாளரின் அல்லது நிறுவனத்தின் சட்டப் பொறுப்பையே ஏற்கிறது. அவர்தம் பணியாளரின் கவனக்குறைவால் விருந்தினர் ஒருவர் காயமுற்றால், உரிமையாளர் தர வேண்டிய ஈட்டுத்தொகையைக் குறித்த வரம்பு வரை கம்பெனி தரும். ஈடு பெறுவோர் வெளியாரே. காயமுற்றவர் அவருடைய பணியாளரேயாயின், அவருக்குத் தொழிலாளர் இழப்பீடும் ஈ.எஸ்.ஐ.யுமே வழி, அதற்கான ஏற்பாடு தனி. கட்டடம் எரிந்தால் அதற்குத் தீ இன்ஷூரன்ஸ் வேறு.

பந்தல்காரர், சமையல்காரர், வீடியோ எடுப்பவர், மின் அலங்காரம் செய்பவர் ஆகியோர் நிலை என்ன? தனித் தொழில் செய்யும் இவர்களை மஹாலின் பாலிசி தானாகக் காப்பதில்லை. அவரவர் பொறுப்பு அவரவர்க்கே. ஆனால் ஒரு திருமணத்தில் நெருப்பையும் மின்சாரத்தையும் கையாள்பவர்கள் பெரும்பாலும் இவர்களே அன்றோ!

1984-இல் போபாலில் நேர்ந்த விஷவாயுப் பேரழிவுக்குப் பின், 1991-இல் பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கே அது கட்டாயம். சாதாரணக் கல்யாண மஹால் அதில் அடங்காது. எனவே இங்கு எல்லாம் உரிமையாளரின் பொறுப்புணர்வையே சார்ந்துள்ளது.

இன்ஷூரன்ஸ் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1985-இல் ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி வணிக முறையை விலக்கி, கூட்டுறவு முறையை ஏற்றது. ஆனால் பிறர் உயிருக்கு நாம் பொறுப்பு என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத் உண்டு. அதனை 'ஆகிலா' எனும் உறவுக் கூட்டத்தார் பகிர்ந்து செலுத்துவர் என்கின்றன ஃபிக்ஹு நூல்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதே அதன் உட்பொருள்.

ஆகவே, மஹால் நடத்துவோரே! பாலிசியில் யார் பெயர் உள்ளது, யார் விடுபட்டுள்ளனர் என்று படித்துப் பாருங்கள். அதற்கும் முன்னதாகக் கீற்றை அகற்றுங்கள், படிக்கட்டை அகலமாக்குங்கள், மின்கம்பிகளைச் சோதியுங்கள். நிக்காஹ் நடத்துவோரே! வாடகை பேசுமுன் வெளியேறும் வழியைக் கேளுங்கள். ஈட்டுத்தொகை இழப்பை ஓரளவு ஆற்றும். போன உயிரை மீட்காது.

நம்மிடம் அமானத்தாக வரும் விருந்தினரைப் பேணும் பொறுப்புணர்வை வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக! ஆமீன்.