டிஃபோல்ட்டை எழுதுவது யார்?

ஹந்தானையில் ஒரே அச்சில் வார்த்த மாதிரியான கட்டடங்கள் இரண்டு வகை. ஒன்று ஸ்டோரு, மற்றது லயம். 1925 இல் கட்டிய ஹந்தானைத் தேயிலை ஸ்டோரு இன்றைக்கு நூதனசாலை. மேல்மாடிகளில் கொழுந்தை வாட்டுவது, கீழே அரைப்பது, காய வைப்பது, சலிப்பது என்ற அதே ஒழுங்கை மலையகத்தின் வேறு பழைய ஸ்டோருகளிலும் காணலாம். லயமும் அப்படித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். யாரோ ஒருமுறை போட்ட அளவை தோட்டம் தோட்டமாகத் திருப்பிக் கட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று அந்த முதல் பிளானில் எழுதியவரின் முடிவுதான் நாலைந்து தலைமுறையின் வாழ்க்கையாக ஆகிப்போனது.

இதை ஏன் ஒரு கிளவுட் கட்டுரையில் சொல்கிறோம் என்றால், இப்போது இன்னொரு கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது. நம்முடைய பெயர், விலாசம், அடையாள அட்டை, நிவாரணப் பதிவு, கிளினிக் அட்டை எல்லாம் சேர்வர்களுக்குள் போகின்றன. அந்தச் சேர்வர்களை நிறுவுகிற வேலையும் ஒரே பிளானைத் திருப்பித் திருப்பிப் பாவிக்கிற வேலையாக மாறிவிட்டது. அந்தப் பிளான் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பலர் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், எழுதுகிறவர்களில் நம்ம பிள்ளைகளும் இருக்க வேண்டும். எங்கள் கருத்து இவ்வளவுதான்.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். தரவுக் களஞ்சியம் என்பது பல இடங்களில் இருந்து வருகிற தரவை ஒரே இடத்தில் அடுக்கி, பெரிய பெரிய கேள்விகளைக் கேட்பதற்கான ஏற்பாடு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதே, அப்போது தேவைப்பட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள். மழை எங்கே எவ்வளவு என்பது வளிமண்டலவியல் திணைக்களத்தின் வேலை. எந்தச் சரிவு ஆபத்தானது என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அந்தச் சரிவில் எத்தனை குடும்பம் என்பது கிராம சேவகரின் பதிவேட்டில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் "இன்றிரவு எந்த லயத்தை எழுப்ப வேண்டும்" என்ற கேள்விக்குப் பதில் வரும். இந்த மாதிரி வேலைக்குத்தான் களஞ்சியம்.

அமேசனின் ரெட்ஷிஃப்ட் இந்த வகையில் பெயர் பெற்ற ஒன்று. 2013 இலிருந்து பாவனையில் இருக்கிறது. பல கணினிகள் ஒரு கூட்டமாக நின்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தக் கூட்டத்தைத்தான் கிளஸ்டர் என்கிறோம், ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். ஒரு கிளஸ்டரை எழுப்ப எத்தனை தீர்மானம் எடுக்க வேண்டும் தெரியுமா? எந்த வகை நோட், எத்தனை நோட், எந்த நெட்வேர்க்குக்குள், யார் யார் உள்ளே வரலாம், தரவைப் பூட்டி வைப்பதா, பெக்கப் எத்தனை நாளைக்கு, அழிக்கும்போது கடைசியாக ஒரு பிரதி எடுப்பதா வேண்டாமா. இணையத்தில் கொன்சோலைத் திறந்து கிளிக் பண்ணிக்கொண்டே போனால் அரை மணித்தியாலத்தில் கிளஸ்டர் தயார். ஆனால் எந்த முடிவை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பது கிளிக் பண்ணினவருடைய தலைக்குள்ளே மட்டும்தான். அவர் ஒருநாள் கனடாவுக்கோ டுபாய்க்கோ போய்விட்டால் அந்த அறிவும் கூடவே பிளேன் ஏறிவிடும். 2022 க்குப் பிறகு எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்பதை நம் வீடுகளிலேயே எண்ணலாம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கட்டமைப்பைக் கோட்டாக எழுதுவது. டெராஃபோம் போன்ற கருவிகளில் "எனக்கு இப்படி ஒரு கிளஸ்டர் வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதுகிறோம். கருவி அதை வாசித்து, இப்போது இருப்பதையும் வேண்டியதையும் ஒப்பிட்டு, எதை உண்டாக்கப் போகிறது, எதை மாற்றப் போகிறது, எதை அழிக்கப் போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். நாம் சரி என்று சொன்ன பிறகுதான் கை வைக்கும். இந்தக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற பகுதியைத் தனியே கட்டி எடுத்து வைத்தால் அது மொடியூல். அதற்குப் பிறகு புதிதாக ஒரு திணைக்களம் களஞ்சியம் கேட்டால் நெட்வேர்க், அனுமதி, பூட்டு எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதத் தேவையில்லை. பெயரையும் நோட் எண்ணிக்கையையும் இன்னும் நாலைந்து பெறுமதிகளையும் கொடுத்து மொடியூலைக் கூப்பிட்டால் போதும்.

நேரம் மிச்சம், உண்மைதான். நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கோப்பு என்றால் இன்னொருவர் வாசிக்கலாம். வாசித்தால் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2021 இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரசாங்க கிளவுட்டில் இருந்து அழிந்துபோன விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம், நீதிமன்றம் வரைக்கும் போனது. 2023 ஆகஸ்டில் அதே அரசாங்க கிளவுட்டில் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குப் பெக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அதே வருடம் ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது.

கோட்டாக எழுதியிருந்தால் வைரஸ் வந்திருக்காது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வைரஸ் கோப்பைப் பார்த்துப் பயப்படுமா என்ன? ஆனால் "பதிப்பு 2013" என்றும், பெக்கப் என்ற இடத்தில் வெறுமையாகவும் ஒரு கோப்பில் கிடந்திருந்தால், அதைப் பத்துப் பேர் வாசித்திருந்தால், ஒருவராவது "இது என்ன?" என்று கேட்டிருப்பார். புதுப்பிக்கக் காசு இல்லை என்பது ஒரு பதில். அந்தப் பதிலையும் எழுத்தில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

மலையகத்துக்காரருக்குப் பதிவு என்பது வெறும் அலுவலக வேலை இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்முடைய ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தில் இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேதான் இருந்தோம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். கடதாசி இருந்ததா இல்லையா என்பதில் குடும்பங்கள் இரண்டாகப் போயின. இன்றைக்குக் கடதாசியின் இடத்துக்கு டேட்டாபேஸ் வருகிறது. அதில் ஒரு வரி அழிந்தால், பெக்கப் இல்லையென்றால், "நீங்கள் எங்கள் சிஸ்டத்தில் இல்லை" என்று கவுன்டரில் கேட்கப் போகிற முதல் ஆள் யார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. விலாசம் என்றால் தோட்டப் பெயரும் டிவிஷன் பெயரும் மட்டும் இருக்கிற ஆள்தான்.

இதனால்தான் டிஃபோல்ட் பற்றிக் கவலைப்படுகிறோம். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கருவி தானாக எடுத்துக்கொள்கிற பெறுமதிதான் டிஃபோல்ட். ரெட்ஷிஃப்டில் தானாக எடுக்கும் ஸ்னாப்ஷொட்டை, அதாவது பெக்கப் பிரதியை, டிஃபோல்ட்டாக ஒரு நாள்தான் வைத்திருக்கும். கூட்டினால் 35 நாள் வரை போகலாம். கிளஸ்டரை அழித்தால் அந்தத் தானியங்கிப் பிரதிகளும் சேர்ந்தே அழியும். கடைசியாக ஒரு பிரதி எடுத்து வைத்தால்தான் தப்பும். சோதனை செய்யும்போது தொல்லையாக இருக்கிறது என்று "கடைசிப் பிரதி வேண்டாம்" என எழுதின ஒரு வரி, மொடியூலோடு சேர்ந்து நிஜப் பாவனைக்கும் போய்விடக் கூடும். அப்புறம் வெள்ளிக்கிழமை பின்னேரம் யாராவது தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் திங்கட்கிழமை திறக்க ஒன்றும் இருக்காது. இன்னொன்று: புதிதாக எழுப்பும் கிளஸ்டர் வெளியுலக இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது, தரவு பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை அமேசனே டிஃபோல்ட் ஆக்கியது 2025 ஜனவரியில்தான். அதற்கு முந்திய காலத்தில் எழுதின மொடியூல்களும் பாடங்களும் இணையத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அப்படியே எடுத்து ஒட்டினால் அந்தக் காலத்து முடிவுகளும் கூடவே வரும்.

லயத்தைச் சொன்னது இதற்காகத்தான். மொடியூல் நல்லதைப் பெருக்குகிற வேகத்திலேயே கெட்டதையும் பெருக்கும். ஒரு மொடியூலில் பெக்கப் 35 நாள் என்று எழுதினால் அதைப் பாவிக்கிற இருபது அலுவலகத்துக்கும் 35 நாள். ஒரு நாள் என்று விட்டால் இருபதுக்கும் ஒரு நாள். ஆனால் ஒரு நன்மையும் உண்டு. லயத்தை இடித்துக் கட்ட எத்தனை தலைமுறை ஆகிறது பாருங்கள். மொடியூலில் ஒரு வரியைத் திருத்திப் புதிய பதிப்பாக வெளியிட்டால், இருபது அலுவலகமும் அந்தப் பதிப்புக்கு மாறினால் வேலை முடிந்தது.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. "ஒரே ஒரு கிளஸ்டருக்கு இவ்வளவு கூத்தா, கிளிக் பண்ணினால் முடிஞ்சுதே" என்பார்கள். ஒன்றே ஒன்று, அதுவும் நாளைக்கே அழிக்கப்போகிற சோதனை என்றால் சரிதான். ஆனால் அரச அலுவலகத்தில் நாளைக்கு அழிப்பதாகச் சொன்ன எதுவும் நாளைக்கு அழிவதில்லை. "இந்தக் கருவியும் வெளிநாட்டுக் கம்பனியின் கையில்தானே" என்பதும் உண்மை. 2023 ஆகஸ்டில் டெராஃபோமின் உரிமத்தை அதன் கம்பனி இறுக்கியது. ஆனால் பழைய திறந்த உரிமத்தில் இருந்த கோட்டை எடுத்து ஓப்பன்டோஃபு என்று ஒரு கிளையை வேறு ஆட்கள் தொடங்கினார்கள். இப்போது அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. திறந்த கோட்டுக்கு அந்தப் பலம் உண்டு. டெராஃபோம் தன் கணக்கை எழுதி வைக்கும் ஸ்டேட் கோப்பில் பாஸ்வேர்ட் முதலியவை வெறும் எழுத்தாகக் கிடக்கலாம் என்பதும் மெய்யான ஆபத்து. அதைப் பகிரங்க ரெப்போவில் போடாமல் பூட்டின இடத்தில் வைக்க வேண்டும். பெக்கப் எடுத்தால் மட்டும் போதாது, இடைக்கிடை அதிலிருந்து ஒரு கிளஸ்டரை எழுப்பிப் பார்க்கவும் வேண்டும். எழுப்பிப் பார்க்காத பெக்கப்பை நம்பி இருக்க முடியாது. கோட் இருந்தால் அந்த ஒத்திகையைச் செய்வது லேசு, பார்த்து முடிந்ததும் அழித்துவிடலாம், டொலர் பில்லும் கூடாது.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். அரச கிளவுட்டுக்கான மொடியூல்களை, பாஸ்வேர்ட்களையும் இரகசியங்களையும் நீக்கிவிட்டுப் பொதுவில் வையுங்கள். முடியாத காரியம் இல்லை. இலங்கையின் புதிய டிஜிட்டல் அடையாள அட்டைக்கு அடித்தளமாகத் திட்டமிடப்பட்டிருக்கும் மொசிப், 2018 இல் பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். பிலிப்பைன்சும் மொரோக்கோவும் அதைப் பாவிக்கின்றன. மென்பொருள் மட்டுமில்லை, அதை நிறுவுகிற கோட்டும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதன் மேல் நம் நாட்டில் போடுகிற பெறுமதிகளையும் நாம் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். பெக்கப் எத்தனை நாள், பிரதி வேறொரு ஊரில் இருக்கிறதா, கடைசியாக எப்போது எழுப்பிப் பார்த்தீர்கள் என்ற கேள்விகளை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். கேட்போம்.

அடுத்தது நமக்கு. ஹந்தானையின் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்டியைச் சுற்றித் தனியார் வகுப்புகளும் நிறைய. வெப்சைட் கட்டப் படிக்கிற பிள்ளைகளில் ஒரு பகுதியாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு மொடியூலை வாசிக்கப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை, பொறுமை போதும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பகிரங்க மொடியூலைத் திறந்து, ஒவ்வொரு டிஃபோல்ட்டும் என்ன, ஏன் என்று தமிழில் எழுதி வைத்தாலே பெரிய வேலை. அடுத்த வருடம் தோட்டப் பாடசாலையில் இருந்து வருகிற பிள்ளை அங்கிருந்து தொடங்கும். லயத்தின் அளவைப் போட்ட நேரம் அதில் இருக்கப் போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த முறை கோப்பு திறந்திருந்தால், கேட்கும் வரை காத்திருக்காமல் நாமே போய் வாசிக்கலாம்.