குலசேகரன்பட்டினத்தில் ஒரு பகல்

திருச்செந்தூரில் கோயில், மணப்பாட்டில் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம், நடுவே குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் சந்நிதியில் கால்மணி நேரம்: நம் மாணவர் உல்லாசப் பிரயாணம் இவ்வளவே. இம்முறை தவறென்பது என் கருத்து. உள்ளது ஒரு பகலேயாயின் அதனைக் குலசேகரன்பட்டினத்துக்கே கொடுத்தல் வேண்டும்.

1942ஆம் ஆண்டு செப்டம்பரில், இவ்வூர் உப்பளத்தை முற்றுகையிட்ட கிளர்ச்சியில் லோன் என்னும் உப்பிலாகா அதிகாரி மாண்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இளைஞர் இருவருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பெற்றுப் பின்னர் குறைக்கப்பட்டது. சரித்திர பாடத்திற் பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் ஒப்புவிக்கும் நம்மில் எத்தனைபேர் இவ்விருவர் பெயரை அறிவர்?

பாரி கம்பெனியார் பனைவெல்லத்தின் பொருட்டு இங்கு ஓட்டிய சிறு ரயிலோ 1940இல் நின்றே போயிற்று. தேரியென்னும் செம்மணற் காட்டை ‘வெறும் மணல்’ என்று நகைப்போருமுளர். இப்பக்கத்துத் தேரிகளில் கற்கால மாந்தரின் நுண்கற்கருவிகள் அகப்பட்டுள்ளன!

2024 பிப்ரவரி 28இல் இங்கு ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையை விலகி வளைதல் வேண்டும். இங்கோ தெற்கே திறந்த கடல். அது கண்டு மகிழ்கின்றேன். ஆயினும் இனி வருவோர் அதனையன்றிப் பிறிதொன்றும் வினவார். ஆதலின் அடுத்த பிரயாணத்தில் வண்டி முதலில் உப்பளத்தருகே நிற்கட்டும். வெயிலுக்கு அஞ்சுவோர் பதநீர்க் காலத்தில் வரலாம்.