தராசில் கை வைத்தவர்கள் கோபத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்

போன மழைக்காலத்தில் தேவாலா லைன் வீட்டில் என் சித்தி மகள் கைப்பேசியில் ஒரு நாவலைப் படித்து முடித்துவிட்டு, "அக்கா, இவ நம்மாளு" என்றாள். ஷிரன் ஜே ஜாவோ எழுதி 2021இல் வெளியான 'அயர்ன் விடோ'. 'இரும்புக் கைம்பெண்' என்று சொல்லலாம். இதைப் பற்றி ஆய்வு நண்பர்களிடம் பேசியபோது, "பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இத்தனை வன்மம் ஆகுமா?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கான பதில் இது.

கதை நடப்பது ஹுவாசியா என்ற கற்பனை நாட்டில். எதிரிகளோடு மோத ராட்சத எந்திரங்கள் இருக்கின்றன. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து இயக்க வேண்டும். அவளுடைய உயிராற்றலை உறிஞ்சித்தான் அவன் போரிடுவான். போர் முடியும்போது பெரும்பாலும் அவள் பிணம். ஏழைக் குடும்பங்கள் காசுக்காக மகள்களை அனுப்புகின்றன. அக்காவைக் கொன்ற பைலட்டைப் பழிதீர்க்க 18 வயது வூ ஸெத்தியான் அங்கே போகிறாள். கட்டிச் சிதைக்கப்பட்ட பாதங்களோடு நடக்கவே தடுமாறும் அவள், அவனுடைய எந்திரத்திலேயே அவனைக் கொல்கிறாள்.

பெண்ணுக்கு இயல்பிலேயே ஆற்றல் குறைவு என்று சொல்லித்தான் அத்தனை பேரையும் சாகவிட்டார்கள். கடைசியில் உண்மை தெரிகிறது. இருக்கையே மோசடி. பெண்ணின் ஆற்றல் குறைந்தும் ஆணின் ஆற்றல் கூடியும் வரும்படி எந்திரத்தை அமைத்துவிட்டு, அதை மறைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கொழுந்துக் கூடை நினைவுக்கு வந்தது. அம்மா ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்தார். இலை ஈரம் என்று ஒவ்வொரு எடைக்கும் கழிப்பார்கள். வெயில் நாளிலும் கழித்தார்கள். எடை பார்ப்பவர் ஆண், எழுதுபவரும் ஆண். மாதக் கடைசியில், "ஒனக்குக் கை வேகம் பத்தல" என்று புத்திமதி வேறு.

தகுதி, திறமை என்று நம்மிடம் பேசுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். முதலில் தராசில் கை வைப்பார்கள். பிறகு எடை குறைவு என்று நம்மையே குற்றம் சொல்வார்கள். நமக்குக் கோபம் வந்தால், அதுதான் வன்மம்!

கைம்பெண் என்ற சொல்லும் நமக்கு அந்நியமில்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் விளக்கினார். அகமணம் என்ற வேலியைக் காக்கவே கணவனை இழந்த பெண்ணை எரித்தார்கள், கைம்மையில் பூட்டினார்கள், சிறுமிகளுக்கு மணம் முடித்தார்கள். சாதி என்ற எந்திரமும் பெண்ணின் உயிரில்தான் ஓடுகிறது.

நாவலோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அதில் மற்றப் பெண்கள் பெரும்பாலும் பலியாகிறார்கள், அல்லது காட்டிக்கொடுக்கிறார்கள். ஸெத்தியானுக்குத் துணை நிற்பவன் பெரும் பணக்காரனின் மகன். நம் லைன் வீட்டுக்கு அப்படி எவனும் வரப்போவதில்லை.

வந்தவர்கள் வேறு. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் நிறுவனம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தார்கள். பலர் தலித் பெண்கள். ஆண்களின் தலைமையில் இருந்த தொழிற்சங்கங்களை அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸும் கூடுதல் தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். அடுத்து வந்த கூலிப் போராட்டத்தில் 500 ரூபாய் கேட்டார்கள். 232 ரூபாய் நாள்கூலி 301 ஆனது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் எந்த ராட்சத எந்திரமும் இல்லாமல், அரிவாளும் கூடையும் பிடித்த கைகள் சாதித்தது அது.

சித்தி மகளிடம் கோபத்தை விடு என்று நான் சொல்லவில்லை. ஒரு பைலட்டைக் கொன்றால் அடுத்த பைலட் வருவான். இருக்கை அப்படியே இருக்கும். தோட்டத்திலும் ஆய்வுத் துறையிலும் நேர்காணல் அறையிலும் எடை போடுவது யார், தராசு யாருடையது என்று கேட்போம். கூட்டமாகப் போய்க் கேட்போம்.