சுண்ணாம்பு பட்ட கண்ணுக்கு முதல் பத்து நாள்

சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழந்தை பிதுக்க, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. அமிலத்தைவிடக் காரம் பொல்லாதது. செல் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கியபடி சில நிமிடங்களில் கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். உடனே தண்ணீர் விட்டு அரை மணி நேரமாவது கழுவ வேண்டும். மருத்துவமனையில் மேல் இமையைப் புரட்டி ஒட்டிய துகள்களை எடுக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், காரம் போன பிறகும் சேதம் நிற்பதில்லை. காயத்தில் வந்து குவியும் வெள்ளணுக்களின் நொதிகள் கருவிழியின் கொலாஜனை அரிக்கின்றன. இதைத் தணிக்க நம் கையில் இருப்பது, உடலின் கார்டிசால் ஹார்மோனை ஒத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து.

ஸ்டீராய்டு கருவிழியையே கரைத்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல. புதுக் கொலாஜன் உருவாவதை அது மட்டுப்படுத்தும். ஆனால், அந்தப் பழுதுபார்ப்பு வேகமெடுப்பது இரண்டாவது வாரத்தில்தான். ஆகவே முதல் 7 முதல் 10 நாள் தாராளமாகக் கொடுத்து, புண் ஆறாவிட்டால் பிறகு குறைப்பதே சரி. பயந்துகொண்டு தொடக்கத்திலேயே கைவிடுவது பார்வையைப் பறிக்கும். மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டு, கண் அழுத்த நோயை வரவழைத்துக்கொள்வதும் அதே அளவு ஆபத்து. ஆல்ஃபா எம்எஸ்எச் போன்ற ஹார்மோன்கள் கருவிழியின் உள்ளடுக்குச் செல்களைக் காப்பது எலிகளில் தெரியவந்திருக்கிறது. ஆனால், அது மனிதர்களுக்கான மருந்தாக வரும்வரை காத்திருக்க முடியாது. பத்தாம் நாளுக்குள் மறுபரிசோதனை செய்யும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் வேண்டும். சுண்ணாம்பு பாக்கெட்டில் அல்ல, கெட்டியான டப்பாவில் மட்டுமே விற்கப்பட வேண்டும்.