ரெண்டாவது தடவை

ஜெமினி மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்து எத்தனையோ வருஷமாச்சு. பஸ்ஸில் இன்னும் 'ஜெமினி ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். அதன் ஓரத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம். காலை வேளையில் அந்தப் பக்கம் போனால் இஸ்திரி கலையாத சட்டையும் ப்ளாஸ்டிக் ஃபோல்டருமாக இளைஞர்கள் நிற்பார்கள். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால், எதிர்ச்சாரி நிழலில் பையனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாக்கள். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்கூட இத்தனை கவலையான முகங்களைப் பார்க்க முடியாது.

உள்ளே பேட்டி என்னவோ ரெண்டு மூணு நிமிஷம்தான். உட்கார நாற்காலி கிடையாது. ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். சில பேருக்கு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சில பேருக்கு பாஸ்போர்ட்டோடு ஒரு காகிதத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் இருக்கிற நம்பர் 214(பி).

இது என்ன பூதம் என்றால், 1952-ம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு. நம் ஊர் கோர்ட்டில் குற்றம் நிரூபணமாகிற வரைக்கும் ஜேப்படிக்காரன்கூட நிரபராதி. அங்கே தலைகீழ். வருகிறவன் நிரந்தரமாகத் தங்கத்தான் வருகிறான் என்று அதிகாரி முதலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். 'இல்லீங்க, படிச்சுட்டு வந்துடுவேன்' என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. ஹெச்-1பி-யில் வேலைக்குப் போகிறவருக்கு இந்தச் சந்தேகத்திலிருந்து விலக்கு உண்டு. படிக்கப் போகிற பையனுக்குக் கிடையாது. (சட்டம் எழுதியவர்கள் நம் ஊர் மாமியாராக இருந்திருப்பார்களோ?)

இந்த மறுப்புக்கு அப்பீல் கிடையாது. ஆனால் திரும்ப விண்ணப்பிக்கத் தடையும் கிடையாது. புது டிஎஸ்-160 பாரம், புதுக் கட்டணம். 2023-ல் அதை 160 டாலரிலிருந்து 185 ஆக்கினார்கள். ஒரே ஆறுதல், செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டியிருந்தால் 12 மாதத்துக்குள் திரும்ப முயற்சி செய்கிறவர் மறுபடி அதைக் கட்ட வேண்டாம்.

அந்தக் காகிதம் வாங்கின பையன் ஒருவன் போன மாதம் என்னிடம் வந்தான். கோவில்பட்டிப் பக்கம். பி.இ. எலெக்ட்ரிகல். கையில் புது ஐ-20. முதல் கேள்வியே விவகாரமாக இருந்தது.

"சார், இதுக்கு முன்னால விசா மறுத்திருக்காங்களான்னு பாரத்துல கேக்கான். 'நோ'ன்னு போட்டா என்ன?"

"யார் சொன்னது?"

"கன்சல்டன்சியில."

பழைய பேட்டியின் குறிப்பு முழுக்க அந்த ஜன்னலுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 214(பி) என்பது ஜலதோஷம் மாதிரி, அடுத்த தடவை போய்விடலாம். முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அது 212-வது பிரிவு. வாழ்நாள் முழுக்க உள்ளே விட மாட்டார்கள். வாங்கின ஃபீசுக்கு ஆயுள் தண்டனையே ஏற்பாடு செய்து தருகிற கன்சல்டன்சி!

'எஸ்' போடச் சொல்லிவிட்டு, நானே அதிகாரியாக மாறி, சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"ஏன் இந்த யுனிவர்சிட்டி?"

எக்ஸலன்ட் ஃபேக்கல்டி, வேர்ல்ட் கிளாஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் ஒப்பித்தான். கடைசியில் 'தாய்நாட்டுக்குச் சேவை' வேறு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவையே முந்திவிட்டோம். அதில் எத்தனை லட்சம் பேர் இதே பாட்டைப் பாடியிருப்பார்கள்? அதிகாரிக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

"அப்பா என்ன செய்யறார்?" என்றேன், சும்மா.

"மோட்டார் ரீவைண்டிங் கடை சார். காயில் கட்டுவாரு."

அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. கோடையில் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடேறிக் காயில் கருகும். ஒரு தடவை கருகினால் விவசாயிக்குச் செலவு மட்டுமில்லை, நாலு நாள் தண்ணியில்லாமல் மிளகாய்ச் செடி வாடிவிடும். காயில் கருகுவதற்கு முன்னாலேயே சூட்டைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்துகிற ஒரு பெட்டியைத்தான் கடைசி வருஷ ப்ராஜெக்டாகச் செய்திருக்கிறான். அவனுக்கு இடம் கொடுத்திருக்கிற பல்கலைக்கழகத்தில் மோட்டார் கன்ட்ரோலுக்கென்றே தனி லேப் இருக்கிறதாம்.

"இதை ஏம்ப்பா முதல் தடவை சொல்லலை?"

"இது சாதாரண விஷயம்லா சார்."

பணத்திலும் கோளாறு. பேட்டிக்குப் பத்து நாள் முன்னால் மாமா கணக்கிலிருந்து லட்சக்கணக்கில் அப்பா கணக்குக்கு வந்து இறங்கியிருக்கிறது. 'உங்கப்பாவுக்கு வருஷ வருமானம் எவ்வளவு?' என்று கேட்டதும் இவன் முழித்திருக்கிறான். இந்தத் தடவை பேங்க் கடன் கையில் இருக்கிறது. ஈடு, ஊரில் இருக்கிற ஒரே காணி. மாமா கொடுப்பதை 'மாமா கொடுக்கிறார்' என்று சொல்வதில் என்ன வெட்கம்? சட்டத்தில் மாமாவுக்குத் தடையில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். ஜூன் 2025-ல் மாணவர் விசா கேட்பவர்கள் சோஷியல் மீடியா கணக்குகளைப் பூட்டாமல் திறந்து வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பாரத்தில் ஒரு கணக்கைக் குறிப்பிட்டுவிட்டு இன்னொன்றை ஒளிக்காதீர்கள். விசா கையில் வருகிறவரைக்கும் இருக்கிற வேலையை விடாதீர்கள். ஃபேர்வெல் பார்ட்டி முடிந்து, குக்கரும் ஃபேர்வெல் கிஃப்ட்டாக வாங்கிக்கொண்டு, திரும்ப அதே மேனேஜர் முன்னால் போய் நின்றவரை எனக்குத் தெரியும்.

ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜியை 11 சுற்று சுற்றிவிட்டு வந்தால் விசா நிச்சயம் என்று நம்பிக்கை. கிடைத்தபின் 108 சுற்று. தாராளமாகப் போகட்டும். சுற்றுக்கு ஒரு தடவை 'ஏன் இந்தப் படிப்பு' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தால் பதினோரு ரிகர்சலும் ஆச்சு.

கிளம்பும்போது கேட்டேன்.

"அப்பா என்னப்பா சொல்றார்?"

"'கெடைச்சா போ. கெடைக்கலேன்னா கடைக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம்'ங்காரு சார்."

இதையும் ஜன்னலில் சொல்லலாமா என்றான். சொல்லச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை பேட்டி.