சுபம் போடத் தெரியாத திரை



ஓடிடியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. என்னைப் போன்ற மூட்டுவலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். காரமடையிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறாமலே படம் பார்த்துவிடலாம்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைத் திறந்த காலந்தொட்டு, சினிமாவுக்கு ஒரு முடிவு இருந்தது. படம் முடியும், லைட்டைப் போடுவார்கள், எழுந்து வீட்டுக்குப் போவோம். பிற்காலத்தில் 'சுபம்' என்றே எழுதிக் காட்டினார்கள். இப்போது ஒரு எபிசோட் முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடுகிறது. 'போதும்' என்று சொல்கிற பொறுப்பு பார்ப்பவர் தலையில். அதுவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையில்!

இது தற்செயல் அல்ல. தூக்கத்தோடுதான் எங்களுக்குப் போட்டி என்று நெட்ஃபிளிக்ஸ் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இலேயே சொல்லிவிட்டார். ராத்திரி அவர்கள் ஜெயித்தால், காலையில் முதல் பீரியடில் தோற்பது நம் பிள்ளைகள். ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நெட்ஃபிளிக்ஸிலும் யூடியூபிலும் 'ஆட்டோபிளே'யை அணைத்துவைக்க வழி இருக்கிறது. பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். உங்கள் போனிலும்தான்! 'கடைசியாகப் பார்த்தது 2.10' என்று வாட்ஸ்அப் சிலரைக் காட்டிக்கொடுக்கிறது.

அணைத்தவர்கள் கீழே 'உள்ளேன் ஐயா' போடுங்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன்.